மூட்டு அதிகமாக வளைவது திறமை மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யோகா தினத்தையொட்டித் தங்கள் நாளிதழின் மும்பைப் பதிப்பில் வெளியான படங்களுள் ஒன்றில், பத்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி மார்பைத் தரையில் ஊன்றி, இரு கால்களையும் பின்புறமாகத் தலைக்கு மேல் கொண்டுவந்து, பாதங்களைத் தன் முகத்துக்கு முன்னால் தரையில் பதித்திருந்தாள். 'உடம்பில் எலும்பே இல்லையோ!' என்று படத்தின் கீழே எழுதியிருந்தீர்கள். அந்தக் குழந்தையின் உழைப்பையோ அவளுக்குக் கற்றுத்தந்தவரின் அக்கறையையோ குறைத்துச் சொல்வது என் நோக்கம் அன்று. ஆனால் செம்பூரில் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரியும் எனக்கு, இத்தகைய படங்களைப் பார்த்ததும் கைதட்டத் தோன்றுவதற்கு முன்பே சில கேள்விகள் எழுகின்றன. இவளுக்கு மூட்டு வலி உண்டா, தோள்பட்டையோ முழங்கால் சில்லோ எப்போதாவது நழுவியதுண்டா, கண் பார்வை எப்படி, குடும்பத்தில் யாராவது இள வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திடீரென இறந்திருக்கிறார்களா என்பவையே அவை. இந்நகரத்துத் தமிழ் வீடுகளில் இவற்றைக் கேட்பார் யாருமில்லை என்பதை அன்றாடம் பார்த்து வருவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மூட்டுகள் இயல்பான அளவைத் தாண்டி வளைவது, அதாவது மருத்துவர்கள் ஹைப்பர்மொபிலிட்டி என்று குறிப்பிடும் மூட்டுத் தளர்ச்சி, அதனளவில் நோய் ஆகாது. குழந்தைகளிடம் அது மிகச் சாதாரணம். ஆண்களைவிடப் பெண்களிடமும், ஐரோப்பியர்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடமும் கூடுதலாகக் காணப்படுவது. வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வருவது. தளர்ந்த மூட்டுகளோடு பிறந்து, எந்தத் தொந்தரவும் இல்லாமல் பேரன் பேத்தி எடுத்தவர்கள் ஏராளம். ஆனால் அதே தளர்ச்சி, உடலின் இணைப்புத் திசுவைப் பாதிக்கும் பரம்பரைக் கோளாறுகள் சிலவற்றின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். எல்லர்ஸ்-டான்லோஸ், மார்ஃபான், லோய்ஸ்-டீட்ஸ் ஆகிய பெயர்களில் வழங்கும் நோய்த்தொகுதிகளும், எலும்பு எளிதில் முறியும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டாவும் அவற்றுள் முக்கியமானவை. ஒன்றும் இல்லாத குழந்தையின் விரலும், இவற்றில் ஒன்றுடன் பிறந்த குழந்தையின் விரலும் பார்ப்பதற்கு ஒரே மாதிரித்தான் வளையும். சிக்கலே அங்குதான் இருக்கிறது.

தோல், தசைநாண், நம் மக்கள் 'ஜவ்வு' என்று சொல்லும் மூட்டுக் கட்டுகள், இரத்தக் குழாயின் சுவர், கண் வில்லையைப் பிடித்திருக்கும் மெல்லிய இழைகள், குடல், கருப்பை என உடலெங்கும் தாங்குபொருளாக இருப்பது இணைப்புத் திசு. கொலாஜன், ஃபிப்ரில்லின் போன்ற புரதங்கள் அதற்கு உறுதி தருகின்றன. அவற்றை உருவாக்கும் மரபணுக்களில் பிழை இருந்தால் அத்திசு உரிய வலுவோடு அமைவதில்லை. கயிற்றுக்கட்டிலின் சட்டமும் கால்களும் தேக்காகவே இருந்தாலும், கயிறு தொய்ந்துவிட்டால் படுப்பவருக்கு என்ன பயன்? இவர்களுக்கும் எலும்பு திடமாகவே இருக்கலாம், தசையும் இருக்கும். பிடித்து நிறுத்த வேண்டிய கட்டு நெகிழ்ந்திருக்கும். அந்த நெகிழ்ச்சி மூட்டில் கண்ணுக்குத் தெரிகிறது, இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனியில் தெரிவதில்லை.

மூட்டுத் தளர்ச்சியை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் பணிபுரிந்த மருத்துவர் பெய்ட்டனும் அவருடைய சகாக்களும் 1973-இல் வெளியிட்ட முறையையே இன்றும் பயன்படுத்துகிறோம். சுண்டுவிரலைப் பின்புறமாகத் தூக்கினால் 90 பாகைக்கு மேல் போகிறதா, கட்டைவிரலை மடக்கினால் முன்கையின் உட்புறத்தைத் தொடுகிறதா, முழங்கை நேர்க்கோட்டைத் தாண்டி 10 பாகைக்கு மேல் பின்னால் வளைகிறதா, முழங்காலும் அவ்வாறே வளைகிறதா என்று இரு பக்கமும் பார்த்து, பக்கத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டும். முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளை முழுவதும் தரையில் பதிக்க முடிந்தால் இன்னொரு மதிப்பெண். மொத்தம் 9. பருவமடையாத பிள்ளைகளுக்கு 6-ம், பருவமடைந்தவர் முதல் 50 வயது வரை உள்ளவர்களுக்கு 5-ம், அதற்கு மேற்பட்ட வயதினருக்கு 4-ம் எட்டினால் உடல் முழுவதும் தளர்ச்சி இருப்பதாகக் கொள்ளலாம் என்று 2017-இல் வெளியான சர்வதேச வரையறை கூறுகிறது. தோள்பட்டை, இடுப்பு, கணுக்கால், தாடை ஆகியவற்றை இம்முறை தொடுவதே இல்லை என்பதால், மதிப்பெண் குறைவாக இருப்பவருக்கும் தோள் அடிக்கடி நழுவலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

என்னிடம் வரும் பிள்ளைகளுள் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொன்னால் விஷயம் விளங்கும். "எழுதச் சொன்னாலே கை வலிக்குதுங்கிறா மேடம், எல்லாம் சாக்கு. டான்ஸ் கிளாஸுக்கு மட்டும் குதிச்சுக்கிட்டு ஓடுறா" என்று சொல்லித்தான் அவளுடைய தாய் அழைத்து வந்தார். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். பென்சிலை அழுத்தியதும் ஆள்காட்டி விரலின் நுனிக்கணு முன்புறம் மடங்குவதற்குப் பதிலாகப் பின்புறம் குழிந்தது. பிடி நழுவாமல் இருக்கக் கட்டைவிரலைப் பென்சிலைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள்; மணிக்கட்டு முதல் தோள் வரை எல்லாத் தசையும் விறைத்து நின்றது. அரைப் பக்கம் முடிவதற்குள் கையை உதறத் தொடங்கினாள். நாற்காலியில் நேராக உட்கார அவளால் இயலவில்லை. ஒரு காலை மடித்து அதன்மேல் அமர்ந்து, மேசையில் முழு எடையையும் சாய்த்துக்கொண்டாள். கணுக்கால் எத்தனை முறை பிசகியிருக்கிறது என்று கேட்டதற்குத் தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மாதந்தவறாமல் சுளுக்கு வழிப்பவரிடம் போய்க் காலை இழுத்துவிட்டு வருவது அந்த வீட்டில் வழக்கமாகவே ஆகியிருந்தது. தளர்ந்த மூட்டை மேலும் இழுத்துவிடுவதைப் போன்ற தீங்கு வேறில்லை என்பதை அந்தத் தாய்க்கு எடுத்துச் சொன்னவர் அதுவரை எவருமில்லை.

இந்தப் பிள்ளைகள் அடிக்கடி கதவு நிலையில் இடித்துக்கொள்வதும், சமதரையில் தடுக்கி விழுவதும் கவனக்குறைவால் அல்ல. கை கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் உணர்வு, தளர்ந்த மூட்டுகளில் மந்தமாக இருப்பதே காரணம். வளர்ந்த பிறகு தொல்லை வேறு வடிவம் எடுக்கிறது. லோக்கல் ரயிலில் தலைக்கு மேலே தொங்கும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு, வண்டி குலுங்கி நிற்கும்போது தோள்பட்டை பாதி நழுவி மறுபடி உட்காருகிறது. பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரியாது. அந்தப் பெண்ணும் பல்லைக் கடித்துக்கொண்டு தாதரில் இறங்கிப் பாலம் ஏறுவார். அதிகம் படுத்தால் உடம்பு வலி, எழுந்து நின்றால் தலைசுற்றலும் படபடப்பும், எப்போதும் களைப்பு. இரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாது. 'எல்லாம் மனசுதான் காரணம்' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் கணிசமானோர் இத்தகையவர்களாகவே இருப்பார்கள் என்பது என் கணிப்பு.

மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு பகுதிகளில் பரதநாட்டிய வகுப்பு இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிவாஜி பூங்காவில் மல்லகம்பம் ஏறும் பிள்ளைகளிலும் தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. உடல் நன்றாக வளையும் குழந்தையை ஆசிரியர் முன்வரிசையில் நிறுத்துவது இயற்கை. ஆனால் நாட்டடவில் காலை நீட்டிக் குதிகாலை ஊன்றும்போது, இக்குழந்தையின் முழங்கால் நேர்க்கோட்டில் நிற்காமல் பின்புறம் போய்ப் பூட்டிக்கொள்கிறது. மற்றவர்கள் தொடைத் தசையால் தாங்கும் எடையை இவள் ஜவ்வால் தாங்குகிறாள். பார்க்க நளினமாக இருக்கும், ஆசிரியரும் பாராட்டுவார். அரங்கேற்றம் நெருங்கி, பயிற்சி நேரம் கூடும்போது முழங்கால் வீங்குகிறது, சில்லு விலகுகிறது, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெம்பில்லை' என்ற பேச்சு வருகிறது. நடனத்தையோ யோகாவையோ நிறுத்தச் சொல்பவள் நான் அல்ல. தசையை வலுப்படுத்தும் முறையான பயிற்சியாக அமைந்தால் இவர்களுக்கு அவற்றைவிட நல்லவை சிலவே. மூட்டை அதன் எல்லைக்கு ஒரு சிறிது முன்பாகவே நிறுத்திப் பழக்குவதும், பிறர் முதுகில் ஏறி அழுத்திக் காலை விரிக்கச் செய்யும் பழக்கத்தை அடியோடு விடுவதும் ஆசிரியர்கள் கையில்தான் இருக்கிறது. ஏற்கெனவே வளைகிற உடம்பை மேலும் வளைப்பதில் என்ன சாதனை இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதுவரை சொன்னது வலியையும் தொல்லையையும் பற்றியது. உயிருக்கு ஆபத்தான வகைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1986 ஜனவரியில் ஜப்பானில் கைப்பந்து ஆட்டம் ஒன்றின் நடுவே, ஆட்டத்திலிருந்து மாற்றப்பட்டு ஓரத்து இருக்கையில் வந்தமர்ந்த ஃப்ளோ ஹைமன் என்ற அமெரிக்க வீராங்கனை அப்படியே சரிந்து உயிரிழந்தார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அணியைச் சேர்ந்தவர், வயது 31, உயரம் ஆறடி ஐந்து அங்குலம். பிரேதப் பரிசோதனையில் பெருந்தமனி கிழிந்திருந்ததும், அவருக்கு மார்ஃபான் நோய் இருந்ததும் தெரியவந்தன. அவருடைய நெடிய உடலும் நீண்ட கைகளும் ஆட்டத்துக்கு வரமாகவே கருதப்பட்டு வந்தன. அதன்பின் அவருடைய சகோதரரைப் பரிசோதித்தபோது அவருக்கும் அதே கோளாறு இருந்தது கண்டறியப்பட்டு, உரிய நேரத்தில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது.

மார்ஃபான் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு வருவது. அதற்குக் காரணமான ஃபிப்ரில்லின் மரபணு 1991-இல் கண்டறியப்பட்டது. உயரத்தை மிஞ்சிய கைவீச்சு (விரித்த இரு கைகளின் நீளம்), மெலிந்து நீண்ட விரல்கள், உள்வாங்கியோ முன்தள்ளியோ இருக்கும் மார்பெலும்பு, வளைந்த முதுகெலும்பு, சிறு வயதிலேயே ஏறிக்கொண்டு போகும் கிட்டப்பார்வை அல்லது இடம் நழுவிய கண் வில்லை ஆகியவை அதன் அடையாளங்கள். ஒரு கையால் மறு மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரல் சுண்டுவிரலின் கடைசிக் கணுவை முழுவதும் மூடிவிடும். இதயத்திலிருந்து புறப்படும் இடத்தில் பெருந்தமனி மெல்ல விரிவடைவதே இதில் உள்ள ஆபத்து. எக்கோ பரிசோதனையில் அந்த விரிவு தெரிந்துவிடும்; மருந்தால் அதன் வேகத்தைக் குறைக்கலாம்; வழக்கமாக 5 சென்டிமீட்டர் அளவை எட்டும்போது, கிழிவதற்கு முன்பாகவே, அறுவைச் சிகிச்சையால் அப்பகுதியை மாற்றலாம். 1972-இல் வெளியான ஆய்வொன்றில் இந்நோயாளிகள் சராசரியாக 32 வயதளவில் இறந்ததாகக் கண்டனர். இன்று உரிய கவனிப்பு பெறுபவர்கள் எழுபதைத் தொடுகிறார்கள். உரிய நேரத்தில் கண்டுபிடித்துச் சிகிச்சை அளிப்பதே இவ்விரண்டு தலைமுறைகளுக்கும் நடுவில் உள்ள பெரிய வேறுபாடு.

எல்லர்ஸ்-டான்லோஸ் தொகுதியில் 2017-ஆம் ஆண்டு வகைப்பாடு 13 பிரிவுகளைக் காட்டுகிறது. தோல் இழுபட்டு நீளுதல், சிறு காயமும் சிகரெட் தாளைப் போலச் சுருங்கிய அகன்ற தழும்பாக ஆறுதல் ஆகியவை 'கிளாசிக்கல்' வகையின் அறிகுறிகள். பிள்ளையின் நெற்றியிலும் முழந்தாளிலும் பார்த்தாலே போதும். இரத்தக் குழாய்களைத் தாக்கும் வகைதான் எல்லாவற்றிலும் கொடியது. தமனிகளும் குடலும், கருவுற்ற காலத்தில் கருப்பையும் திடீரெனக் கிழியக்கூடிய இவ்வகையில், பெரிய மூட்டுகள் பெரும்பாலும் தளர்ந்திருப்பதில்லை. விரல்கள் மட்டுமே வளையும், உள்ளே ஓடும் இரத்தக் குழாய்கள் வெளியே தெரியுமளவுக்குத் தோல் மெலிந்திருக்கும். ஆகவே மூட்டு எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு ஆபத்து என்று கணக்குப் போடுவது பிழை.

மருந்துக் கடைகளில் சீட்டு இல்லாமல் நாம் சாதாரணமாக வாங்கி விழுங்கும் ஒரு மாத்திரை வகையையும் இங்கே குறிப்பிட வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் ஆகியவை அடங்கிய ஃப்ளூரோகுவினோலோன் குழு மருந்துகளை, மார்ஃபான், எல்லர்ஸ்-டான்லோஸ் உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கும்போது கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. பெருந்தமனி கிழியும் அபாயத்தை அவை கூட்டுகின்றன என்பதே காரணம். வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் நம் வீடுகளில் கைவைத்தியம் போலப் பயன்படும் மருந்துகள் இவை.

இக்கோளாறுகளில் பெரும்பாலானவை பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் வருபவை. மார்ஃபானில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் தோன்றும். எல்லர்ஸ்-டான்லோஸில், முதுகெலும்பைக் கடுமையாக வளைக்கும் கைஃபோஸ்கோலியாட்டிக் வகை போன்ற சில அரிய பிரிவுகள், தாய் தந்தை இருவரும் பிழையுள்ள மரபணுவைச் சுமந்தால் மட்டுமே பிள்ளைக்கு வரும். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள்ளேயே மணமுடிக்கும் நம் வழக்கத்தில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. இவ்வளவு தெரிந்த பிறகும் குடும்ப வரலாறு கேட்டால் வீடுகளில் வாய் திறப்பதில்லை. 'சித்தப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார்' என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று பாட்டி தடுத்துவிடுவார். அந்தப் பாட்டியின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கருவுற்ற பிறகு பெருந்தமனிக்குச் சுமை கூடும் என்பதால், இது திருமணத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

வளைகிற பிள்ளைகள் எல்லோரையும் எக்கோவுக்கு அனுப்பச் சொன்னால் மருத்துவமனைகள் தாங்காது. பெற்றோரும் வீணாகக் கலங்குவார்கள். மேலே சொன்ன கண், மார்பு, தழும்பு, குடும்ப வரலாறு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்து இருந்தால்தான் மருத்துவரிடம் போக வேண்டும். நம் நகரத்தில் பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனை, 2021-ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் கீழ் அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்களுள் ஒன்று. மூட்டுத் தளர்ச்சியே முதன்மையாக உள்ள எல்லர்ஸ்-டான்லோஸ் வகைக்கு இதுவரை மரபணு உறுதியாகக் கண்டறியப்படவில்லை என்பதால், 'ஒரு டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும்' என்று பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மற்ற வகைகள் இல்லை என்று உறுதிசெய்யவே அச்சோதனை உதவும். சிகிச்சை என்பது பெரும்பாலும் பொறுமையான தசைப்பயிற்சிதான்: மூட்டைச் சுற்றியுள்ள தசையை வலுவாக்குவது, சமநிலையைப் பழக்குவது, எழுதும்போது தடித்த பென்சில் தருவது, பள்ளிப் பையின் எடையைக் குறைப்பது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் எல்லர்ஸ்-டான்லோஸோ மார்ஃபானோ பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. அதனால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்டுப் போகும் பெற்றோர் பள்ளியில் படும் பாடு தனிக் கடிதமாக எழுத வேண்டிய ஒன்று.

தங்களிடம் நான் கேட்பது இரண்டே. இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, பெற்றோர் வீட்டிலேயே பார்க்கக்கூடிய அந்த ஐந்து அசைவுகளையும், அவற்றோடு கேட்க வேண்டிய கேள்விகளையும் பக்கத்தில் ஒரு சிறு கட்டமாக வெளியிட வேண்டுகிறேன். யோகா, நடனப் போட்டிகளை நடத்தும் தமிழ்ச் சங்கங்கள் விண்ணப்பப் படிவத்தில் மூட்டு நழுவல், கண், இதயம், குடும்ப வரலாறு ஆகியவற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கேள்விகளை எளிய தமிழில் தயாரித்துத் தர, செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பணிபுரியும் பிசியோதெரபிஸ்டுகள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். தாங்கள் தெரிவித்தால் அடுத்த வாரமே அனுப்பிவைக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
செம்பூர், மும்பை